மாசிப் பனியும் காமன் கம்பமும்



சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள், பதினோராந் தர வகுப்பிலே பெரும்பொழுது, சிறுபொழுது பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பொழுதுகளையும் கரும்பலகையில் எழுதி, மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று விளக்கி முடித்தேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சேர், எங்க தோட்டத்துல மாசியிலதான் காமன் ஊன்றாங்க. காமன் வசந்தத்துக்கு உரியவருன்னு போன கிழமை சொன்னீங்க. அப்ப மாசி பனிக்காலமா, வசந்தமா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பாடத்தைப் பதினெட்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். காமன் கம்பம் ஊன்றுவதைப் பிறந்த நாள் முதல் பார்த்து வந்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. "காலையில் பனி, மத்தியானம் வசந்தம்" என்று அப்போதைக்கு ஒரு பதிலைச் சொல்லி மணியடிக்கும்வரை சமாளித்தேன். அந்தக் கேள்விக்கு நேயர்களாகிய உங்கள் முன்னிலையில் சற்று ஒழுங்காகப் பதில் சொல்ல முயல்வதுதான் இன்றைய உரை.

நான் சொன்ன பதில் முழுப் பொய்யும் அல்ல. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; ஹட்டன் 1,271 மீற்றர். அக்கரபத்தனை, நுவரெலியாப் பக்கத்து மேட்டுத் தோட்டங்களில் தை, மாசி மாதங்களில் முகில் இல்லாத, காற்றில்லாத இரவு வாய்த்தால் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளைவெளேரென்று உறைந்து கிடக்கும். பத்து மணிக்கு வெயில் முதுகைச் சுடும். சவுக்கு மரத்து நிழலைத் தேடி ஓட வேண்டியிருக்கும். ஒரே நாளில் இரண்டு பருவம். முல்லைக்கும் குறிஞ்சிக்கும் பொழுது வகுத்த நம் முன்னோர் மலையைப் பார்த்திருக்கிறார்கள். தேயிலை மலையைப் பார்த்ததில்லை.

அந்த மாதங்களில் இன்னொன்றும் நடக்கும். தை முதல் பங்குனி வரை திம்புள்ளப் பிரதேசத்துத் தேயிலைக்கு வாசனை கூடும் காலம். வறண்ட பகலும் குளிர்ந்த இரவும் கொழுந்தின் வளர்ச்சியைக் குறைக்க, அந்தக் குறைந்த வளர்ச்சியிலேதான் மணம் திரளும் என்பார்கள். கொழும்பு ஏலத்தில் விலை பேசுகிறவர்களுக்கு நல்ல காலம். கூடையை நிறைக்க வேண்டிய பெண்ணுக்கு மலையெல்லாம் அலைந்தும் கொழுந்து சேராத காலம். இந்த ஓய்வும் ஓய்வின்மையுமான மாதங்களில்தான் லயத்து மக்கள் தங்கள் சொந்த மண்ணைக் கொத்துவார்கள். 'சொந்த மண்' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

நான் பிறந்தது அக்கரபத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே, பணிய லயத்துக் காம்பரா ஒன்றில். பத்துக்குப் பன்னிரண்டு அடி. லயத்துக்குக் கீழே ஓடை வரைக்கும் ஒரு சரிவு. அதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு. எங்கள் துண்டு அம்மாவுடையது. லீக்ஸ், கோவா, போஞ்சி, உருளைக்கிழங்கு, கரையோரம் கொத்தமல்லி. ஒரு மாட்டை வைத்திருந்தோம். அதன் சாணமெல்லாம் அந்தத் துண்டுக்கே போனது. வேலி, கவ்வாத்து வெட்டிக் கழித்த தேயிலை மிலாறு. மிலாறை விறகுக்குத்தான் சுமந்து வருவார்கள். அம்மா அதில் நல்லதைத் தெரிந்தெடுத்து, ஒன்றோடொன்று கோத்து, இடுப்பளவு உயரத்துக்குப் பாய் முடைவதுபோல முடைந்து நிறுத்துவார். ஆடு நுழையாது. கவ்வாத்துக் கத்தி பட்ட இடமெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கும் அந்த வேலியின் அழகை நான் வேறெங்கும் கண்டதில்லை. மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, இரண்டு வருடத்தில் வெள்ளி நிறமாகிவிடும்.

மரக்கறித் தோட்டம் இந்த மலைக்கு எப்படி வந்தது என்று கேட்டால், 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயரைச் சொல்வார்கள். விதையும் மாடும் ஆடும் கப்பலில் கொண்டுவந்து சீமைப் பண்ணை ஒன்றை அமைத்தவர் அவர். 1861இல் சிங்கோனாவுக்காக ஹக்கலையில் பூங்கா தொடங்கப்பட்டது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் இங்கே கொண்டுவரப்பட்ட எங்கள் பாட்டிமார், ஊரில் கண்டிராத லீக்ஸையும் பீட்ரூட்டையும் யாரிடம் கேட்டு வளர்க்கக் கற்றார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பனியோடு அம்மா நடத்திய போரைச் சொல்ல வேண்டும். பனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. முகில் மூடாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று பாரமானது, தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே மேட்டு லயத்துத் துண்டுகள் தப்பும். பணிய லயத்துத் துண்டுகள் கருகும். சாதாரணமாக மேட்டு லயத்துக்காரர் தண்ணீருக்குக் கஷ்டப்படுவார்கள், பணிய லயத்துக்காரர் பனிக்குக் கஷ்டப்படுவார்கள் என்று ஒரு கணக்கு. லீக்ஸும் கோவாவும் தாங்கும். போஞ்சியும் உருளைக்கிழங்கும் தாங்கா. அம்மா மாலையிலேயே வானத்தைப் பார்ப்பார். நட்சத்திரம் 'துடைச்சு வச்ச மாதிரி' தெரிந்தால், பன்னச் செடிகளை வெட்டி வந்து கிழங்குப் பாத்தியை மூடுவார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஓடையில் தண்ணீர் மொண்டு, வெயில் படுமுன் இலைகளில் தெளிப்பார். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி, ரொட்டி, பெரட்டு, மலை எல்லாம்.

அந்தத் துண்டின் மூலையில் ஓர் ஆமணக்குச் செடி நின்றது. எங்கள் உயரத்தில் ஆமணக்கு நன்றாக வளராது. பனி ஒரே இரவில் அதைக் கொன்றுவிடும். ஆனாலும் அம்மா ஆண்டுதோறும் அதற்கு ஒரு சாக்கை உடுத்திவிடுவார். மலைக்குப் போகும்போது தான் இடுப்பில் கட்டும் படங்கு கிழிந்தால், அது அடுத்த மாசிக்கு ஆமணக்கின் உடுப்பு. தின்ன முடியாத அந்தச் செடிக்கு ஏன் இவ்வளவு பாடு என்று சிறுவனாக நான் கேட்டிருக்கிறேன். "காமனுக்குடா" என்பார்.

காமன் கூத்து பற்றி மலையகத்துக்கு வெளியே இருக்கும் நேயர்களுக்காகச் சில வார்த்தை. கதை, கச்சியப்பரின் கந்தபுராணத்திலே காமதகனப் படலமாக வருவதுதான். தவத்தில் இருக்கும் சிவனின் மீது மலர்க்கணை தொடுக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள், ரதி தீக்கனாக் கண்டு தடுக்கிறாள், அவன் போகிறான், நெற்றிக்கண் எரிக்கிறது, ரதி அழுது வேண்ட, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உயிர் பெறுகிறான். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றி, பௌர்ணமி வரை இரவு இரவாகத் தப்பு முழங்க ஆடி, பௌர்ணமி இரவில் எரித்து, மூன்றாம் நாள் உயிரெழுப்புவார்கள். ரதிக்கும் மன்மதனுக்கும் கலியாணம் நடக்கும். வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி எல்லாரும் வருவார்கள். தமிழ்நாட்டில் தஞ்சைப் பக்கத்தில் காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சி பிரிந்து லாவணி பாடுவதுண்டு. எங்கள் தோட்டத்தில் அந்தச் சந்தேகம் யாருக்கும் இருக்கவில்லை. எரிவதைக் கண்ணாலே பார்த்தோம்.

இலக்கியத்திலும் காமன் வழிபாடு பழையது. புகாரில் காமவேள் கோட்டம் இருந்ததையும், அங்கு போய்த் தொழுமாறு தேவந்தி சொல்ல, கண்ணகி மறுத்ததையும் சிலப்பதிகாரம் படித்த மாணவர்கள் அறிவார்கள். ஆனால் என் மாணவியின் கேள்விக்குக் கிட்டத்தட்ட நேரான விடை நாச்சியார் திருமொழியில் இருக்கிறது. அதன் முதற் பத்துப் பாசுரங்களில் ஆண்டாள் தை முழுவதும் தரையைத் துப்புரவாக்கி, மாசி பிறந்ததும் மணல் பரப்பிக் கோலமிட்டுக் காமனை வழிபடுகிறாள். தையில் தொடங்கி மாசிக்குள் வரும் நோன்பு அது. பனிக்காலத்தில் இருந்துகொண்டே வசந்தத்தைக் கூப்பிடுவது. வந்த பிறகு கொண்டாடுவது வேறு, வரும்படி கூப்பிடுவது வேறு. அந்தப் பெண்பிள்ளைக்கு நான் இதைச் சொன்னேன். ஆண்டாள் யார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்: நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிய ஒருவரின் வளர்ப்பு மகள், துளசிப் பாத்தியில் கிடைத்தவள். தோட்ட வேலை செய்கிறவர் வீட்டுப் பிள்ளை என்று நான் சொன்னதும் வகுப்பில் சில முகங்கள் நிமிர்ந்தன.

இனிக் கம்பத்துக்கு வருவோம். எங்கள் தோட்டத்தில் கூத்துப் பழக்கியவரை எல்லாரும் 'மாஸ்டர்' என்போம்; எனக்குத் தாத்தா முறை. அவர் கம்பம் கட்டுவதைச் சிறுவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். குழி தோண்டி, பாலும் நவதானியமும் இட்டு, நடுவில் ஆமணக்குக் கிளை. அதோடு சேர்த்துக் கட்ட மாவிலை. அது எங்கள் உயரத்தில் இல்லை, கீழ்ப்பகுதியிலிருந்து பஸ்ஸில் வரும். ஊரில் வைக்கோல் பிரி சுற்றுவார்களாம்; எங்களுக்கு வயலேது, வைக்கோலேது? தேயிலை பிடுங்கிய மண்ணை ஆறப்போடுவதற்காக வளர்க்கும் மானாப்புல்லை அறுத்துக் காயவைத்து, தொடையில் வைத்துப் புரியாகத் திரிப்பார்கள். வீட்டுக்கு ஒரு வறட்டி. அதைத் துளையிட்டுக் கோத்து உச்சியில் கட்டுவார்கள். எல்லாம் வீடு வீடாகக் கேட்டு வாங்கியவை. கடையில் வாங்கிய சாமான் கம்பத்தில் ஏறக்கூடாது என்பது மாஸ்டர் தாத்தாவின் கட்டளை. யாருடைய துண்டிலிருந்து எது வந்தது என்று கம்பத்தைப் பார்த்தே சொல்லலாம்.

வில்லும் அம்பும் செய்வது அதைவிடச் சுவையானது. மன்மதனுக்குக் கரும்பு வில். தாமரை, அசோகு, மா, முல்லை, நீலம் என்ற ஐந்து மலர்கள் அம்பு. இந்த ஐந்தில் ஒன்றுகூட எங்கள் லயத்தைச் சுற்றி முளைக்காது! மாஸ்டர் தாத்தா அதற்காகக் கவலைப்படவில்லை. மூங்கிலைப் பிளந்து, நெருப்பில் வாட்டி வளைத்து, கரும்புக் கணு மாதிரிச் சாயம் தீட்டினார். ஐந்து பூவுக்கு அவர் எடுத்தவை ரோசா, செவ்வந்தி, டேலியா, மாசியில் இலையுதிர்த்துச் செக்கச் செவேலென்று பூக்கும் முள்முருங்கை. ஐந்தாவது தேயிலைப் பூ. தேயிலை பூக்குமா என்று கொழும்பில் ஒரு நண்பர் என்னிடம் கேட்டிருக்கிறார். பூக்கும். வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் மகரந்தக் குஞ்சம். கொழுந்து பறித்துப் பறித்து அதைப் பூக்கவிடாமல் வைத்திருப்பதுதான் எங்கள் தொழில். கத்திக்கும் கைக்கும் தப்பிய ஓரச் செடிகளில் போய்த் தேடிப் பறித்து வருவது சிறுவர் வேலை. சிவபெருமானின் தவத்தைக் கலைக்கத் தேயிலைப் பூவினால் அம்பெய்த மன்மதன் உலகத்தில் எங்கள் தோட்டத்து மன்மதன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லாம் அழகு என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பதின்மூன்று இரவு கண்விழித்துப் பகலில் மலைக்குப் போகிறவர்களின் உடம்பு என்ன ஆகும்? சில இடங்களில் கூத்தைவிடச் சாராயம் முக்கியமானதும் உண்டு. ரதியாக வேடமிடுவதும் ஆண்தான். பெண்கள் தூர நின்று அழுவார்கள். என் மாணவிகளில் ஒருத்தி ரதியாக ஆடும் நாளை நான் பார்க்க விரும்புகிறேன். இது சிலருக்குப் பிடிக்காது என்பதும் தெரியும்.

நான் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது அந்தச் சம்பவம் நடந்தது. 1992இல் தோட்ட நிர்வாகங்கள் அரசிடமிருந்து கம்பனிகளுக்குக் கைமாறின என்பது நேயர்கள் அறிந்ததே. எல்லாத் தோட்டங்களிலும் கணக்கும் அளவும் புதிதாகப் பார்க்கப்பட்ட காலம் அது. எங்கள் தோட்டம் எது என்று சொல்லப்போவதில்லை. தை மாதம் ஒரு நாள் பெரட்டிலே சொன்னார்கள்: லயத்துக்குக் கீழே உள்ள சரிவில் புதிய தேயிலை நடப்படும், இரண்டு கிழமைக்குள் துண்டுகளை வெறுமையாக்க வேண்டும். யாரும் அதிர்ச்சியடைந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த மண்ணுக்கு எங்களிடம் ஒரு கடதாசியும் இல்லை என்பது எங்களுக்கே தெரியும். அம்மா விரற்கடை அளவு முளைத்த லீக்ஸைப் பிடுங்கினார். கிழங்கு சுண்டைக்காய்ப் பருமனில் இருந்தது. அதையும் அவித்துத் தின்றோம். ஆமணக்கை வேலையாட்கள் வெட்டினார்கள். அம்மா உடுத்திவிட்ட சாக்கு அதன்மேல் அப்படியே இருந்தது.

அப்பா அந்தத் தோட்டத்துப் பங்களாவில் பூந்தோட்ட வேலை செய்தவர். அந்த இரண்டு கிழமையும் அவர் தலைநிமிர்ந்து நடக்கவில்லை. சித்திரையில் நுவரெலியா 'சீசன்'. விக்டோரியாப் பூங்காவில் மலர்க் கண்காட்சி. பங்களாக்களுக்கு விருந்தாளிகள் வருவார்கள். சித்திரையில் பூக்க வேண்டுமென்றால் தையிலும் மாசியிலும் நாற்றுப் போட வேண்டும். ஆகவே லயத்துத் துண்டுகள் கொத்தப்பட்ட அதே நாட்களில் அப்பா பங்களாவில் பென்சியும் பெட்டூனியாவும் சல்வியாவும் தட்டுத் தட்டாக முளைக்கவைத்துக்கொண்டிருந்தார். வழக்கமாக நெருக்கம் குறைக்கப் பிடுங்கிய நாற்றுகளை மடியில் கட்டிக்கொண்டு வருவார், அம்மா, "பூவத் திங்க முடியுமா?" என்று ஏசிக்கொண்டே வேலியோரம் நடுவார். அந்த ஆண்டு அப்பா ஒன்றும் கொண்டுவரவில்லை. துரைக்கு ஒரு மனு எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார். நான் என் பாடசாலைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதினேன். விடிந்ததும் அதைக் கிழித்து அடுப்பில் போட்டார். பங்களா வேலைக்காரன் மனுக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது இரவில்தான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அது பற்றி வீட்டில் பிறகு ஒருவரும் பேசவில்லை.

மாசி வந்தது. கம்பத்துக்கு ஆமணக்கு இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்கி வந்து ஊன்றினார்கள். காமன் எரிந்த இரவில், வருடந்தோறும் ரதியின் ஒப்பாரிக்கு முன்வரிசையில் உட்கார்ந்து அழும் அம்மா போகவில்லை. நான் கூப்பிட்டேன். "ரதிக்கு மூணாம் நாளு புருசன் எந்திரிச்சு வந்துருவான். நீ போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

நான்கு வருடம் கழித்து அந்தச் சரிவுத் தேயிலை கொழுந்துக்கு வந்தது. அம்மாவுக்கு அங்கே நிரை விழுந்தது. மாலையில் வந்து சொன்னார்: "நம்ம துண்டு இருந்த எடத்துல மட்டும் செடி கருகருன்னு நிக்குது." எத்தனை வருடத்துச் சாணம்! எது நம் துண்டு, எது அடுத்த வீட்டுத் துண்டு என்று செடியின் நிறத்தைக் கொண்டே அவரால் எல்லை சொல்ல முடிந்தது. அந்தச் செடிகளில் அன்றைக்கு அவர் கூடை நிறைந்தது.

இடைப்பட்ட காலத்தில் அம்மா ஐந்து பால்மாத் தகரங்களில் கொத்தமல்லியும் கொச்சிக்காயும் வளர்த்தார். அப்பா தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். பழைய மலையொன்றில் பிடுங்கிய தேயிலை மரத்தின் அடிவேரைத் தோளில் சுமந்து கொண்டுவந்தார். நூறு வருடத்துச் செடியாக இருக்கலாம். மேலே எத்தனை முறை வெட்டினாலும் கீழே தடித்துக்கொண்டே போயிருக்கிறது. அதைக் கழுவி, பட்டையை உரித்து, உடைந்த கண்ணாடித் துண்டால் மாதக்கணக்கில் சுரண்டி, எண்ணெய் பூசி, தலைகீழாக நிறுத்தினார். வேர்கள் விரல்களைப் போல மேலே விரிந்து நின்றன. அதன்மேல் தகரங்களை வைத்தார். இப்போது நுவரெலியாக் கடைகளில் இத்தகைய தேயிலை வேர்ப் பூந்தாங்கிகள் மெருகேற்றி விற்கப்படுகின்றன. அவை நல்ல கைவேலைதான். ஆனால் அப்பா செய்தது விற்பனைக்கல்ல, மன்னிப்புக் கேட்பதற்காக என்று எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது. அது இன்று என் மேசையருகே நிற்கிறது. அப்பா இல்லை.

சென்ற மாசியில் மாணவியின் கேள்விக்குப் பிறகு வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் தோட்டத்துக் காமன் கம்பத்தில் என்னென்ன கட்டுகிறார்கள், ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று எழுதி வாருங்கள் என்றேன். சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் இந்த மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்ததால் அவை பிழைத்தன. கம்பத்தில் கட்டிய செடிகளையும் யாராவது குறித்து வைத்தால் நல்லது என்று எனக்குப் பட்டது. பிள்ளைகள் கொண்டுவந்த பட்டியல்கள் பல கதை சொல்லின. சில இடங்களில் புரிக்குப் பதில் நைலோன் கயிறு. பல இடங்களில் காகிதப் பூ. மூன்று தோட்டங்களில் ஆமணக்குக்குப் பதிலாக 'ஏதாவது பச்சைக் கிளை' என்று எழுதியிருந்தார்கள். நைலோன் கயிற்றைப் பார்த்துச் சங்கடப்படும் ஆள் நானல்ல. வைக்கோலுக்கு மானாப்புல் வந்தது போல மானாப்புல்லுக்கு நைலோன் வரலாம். ஏன் வந்தது என்ற கேள்வியில்தான் என் மனம் நின்றது. ஒரு பையன் எழுதியிருந்தான்: 'எங்கள் லயத்தில் யாருக்கும் தோட்டம் இல்லை. ஆகையால் எல்லாச் சாமானும் டவுனில் வாங்கப்படும்.' மாஸ்டர் தாத்தா கேட்டிருந்தால் தப்பைக் கீழே வைத்திருப்பார்.

2022 ஜூனில், நாட்டில் எண்ணெயும் உரமும் அரிசியும் தட்டுப்பட்ட போது, அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை தந்து வீட்டுத்தோட்டம் செய்யும்படி சொன்னார்கள். கிழமையில் ஒரு நாள்! லயத்துப் பெண்கள் விடுமுறையில்லாமல் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த வேலை அது. அவர்களுக்கு விடுமுறை வேண்டாம், நிலம் இருந்தால் போதும் என்று அன்றைக்கு யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. அந்த நெருக்கடி மாதங்களில் துண்டு வைத்திருந்த லயங்களில் பிள்ளைகள் காலையில் எதையாவது தின்றுவிட்டுப் பாடசாலைக்கு வந்தார்கள். துண்டில்லாத லயத்துப் பிள்ளைகள் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்ததை நான் தூக்கிப் பிடித்திருக்கிறேன்.

பின்னாளில் தோட்டப் புறங்களில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். இந்திய உதவியில் கட்டப்பட்டவையும் அவற்றில் உண்டு. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்துவிட்டுப் போனார். கட்டியது எத்தனை, கட்டவேண்டியது எத்தனை, உறுதிப் பத்திரம் கையில் கிடைத்தவர் எத்தனை பேர் என்பதெல்லாம் வேறொரு மேடையில் பேச வேண்டியவை. ஏழு பேர்ச் என்பது சுமார் ஆயிரத்துத் தொளாயிரம் சதுர அடி. வீடு போக மிச்சம் இருப்பது பழைய துண்டைவிடச் சிறிதுதான். என் தம்பிக்கு அப்படி ஒரு வீடு கிடைத்தது. அம்மா அவனோடு இருக்கிறார்.

வீடு குடிபுகுந்த அன்று, பால் காய்ச்சுவதற்கு முன்பே அம்மா முற்றத்து மண்ணை ஒரு பிடி எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். "சாணம் கண்டதில்ல" என்றார். முதல் ஆண்டு லீக்ஸ் பென்சில் மாதிரி வந்தது. இரண்டாம் ஆண்டு பரவாயில்லை. வேலிக்கு முள்ளுக்கம்பி கொண்டுவருகிறேன் என்ற தம்பியைத் தடுத்து, எழுபது வயதில் மறுபடியும் மிலாறு முடைந்தார். இம்முறை பேத்தி கூட இருந்து கோத்தாள். கிழக்கு மூலையில் ஒரு செடி நட்டிருக்கிறார். அது எது என்று நேயர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்கு உடுத்த இப்போது படங்கு இல்லை. ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாயிற்று. என் பழைய மழைக்கோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த மாசியில் மூன்றாம் பிறைக்கு முதல் நாள் நான் அங்கு போயிருந்தேன். காலையில் முற்றத்துப் புல் வெள்ளையாக இருந்தது. எட்டு மணி போல மூன்று இளைஞர்கள் வந்து வேலிக்கு வெளியே நின்று, "அப்பாயி, காமனுக்குக் கொஞ்சம் ஆமணக்குக் குடுங்க" என்று கேட்டார்கள். அம்மா மழைக்கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, செடியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். பிறகு கத்தியைத் தானே வாங்கிக்கொண்டு, ஓடைப் பக்கம் நீண்டிருந்த ஒரு கிளையை மட்டும் வெட்டிக் கொடுத்தார். "காய் புடிச்சிருக்கிற கெளையத் தொடாதீங்க. அது அடுத்த வருசத்துக்கு வெத" என்றார்.